மாப்பிள்ளையின் புள்ளி

எனக்குச் சந்தேக புத்தி என்று என் வீட்டுக்காரர் பரமசிவம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. அதற்குப் பெயர் சந்தேகம் என்றால், ஆமாம், எனக்குச் சந்தேகம்தான். அவர் பார்க்காமல் வாங்கி வந்த மீனை ஒருநாள் அப்படியே குப்பையில் கொட்டினோமே, அந்தக் கதையை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஒரு பள்ளிப் பேருந்து கம்பெனியில் எனக்கு வேலை. எந்த வண்டி எந்த அடுக்குமாடிப் புளோக்கில் எந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று வழி போட்டுக் கொடுப்பேன். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போவதானாலும் மங்களம்தான் வழி போட வேண்டும். மலேசியாவில் ஜோகூரிலிருந்து நாத்தனார் வந்தால், எந்தப் பாலம் காலியாக இருக்கிறது, எங்கே காரை நிறுத்துவது என்று மேப்பில் போட்டு அனுப்பிவிடுவேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்பேன்: கிளம்பும்போது லொகேஷனை எனக்கு ஷேர் பண்ணிவிட வேண்டும். என் மேப்பில் அவரவர் முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் நகர்ந்து வரும். நாங்கள் அதைப் புள்ளி என்போம். புள்ளி நகர்ந்தால் எனக்கு நிம்மதி. நின்றுவிட்டால் போன் அடித்துவிடுவேன்.

எங்களுக்கு ஒரே பெண், வைஷாலி. பாலிடெக்னிக்கில் சேர்ந்த நாளிலிருந்து அவள் புள்ளி என்னிடம் இருக்கிறது. அதை நான் அதிகம் பார்ப்பதுகூட இல்லை. எப்போது பார்த்தாலும் தஞ்சோங் பகாரில், ஆபீசில்தான் இருப்பாள். சனிக்கிழமைகூட ஓவர்டைம். பிள்ளை இப்படி உழைக்கிறதே என்று வற்றல் குழம்பைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி வைத்துக் காத்திருப்பேன். நான் வளர்த்த பெண், அவள்மேல் எனக்கு என்ன சந்தேகம்? என் சந்தேகமெல்லாம் அவள் பிடித்து வந்த மாப்பிள்ளைமேல்தான்.

ரித்திக் தோ பாயோ பையன். பார்க்க லட்சணமாக இருப்பான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், வெண்டைக்காயைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான். எனக்கு அப்போதே உறுத்தியது. இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் எதற்கு இருக்க வேண்டும்? முதல் முதலாக வீட்டுக்கு வந்த அன்றைக்கே தானாக ஆரம்பித்தான்.

"அத்தை, நான் முன்னாடி ஒரு பொண்ண லவ் பண்ணேன். கேட்லின்னு பேரு, கேத்தலிக். அவங்க வீட்ல ஞானஸ்நானம் வாங்கினாத்தான் கல்யாணம்னாங்க. எனக்கு ஒத்துவரல. முடிஞ்சு போச்சு. பின்னால யாரும் சொல்லி உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான் நானே சொல்லிட்டேன்."

பரமசிவம் உருகிப் போய்விட்டார். "பாத்தியா, எவ்ளோ நேர்மையான பையன்!" என்றார். நேர்மையாம் நேர்மை! கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவன், கேட்கப் போகிற கேள்விக்கு முன்கூட்டியே கதவைச் சாத்துகிறான் என்று அர்த்தம். இது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

நிச்சயதார்த்தப் புடவை எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்கு இரண்டு குடும்பமும் கிளம்பிய அன்று, "போனைக் குடுங்க தம்பி, கடைக்கு நான் வழி போட்டுத் தரேன்" என்று வாங்கினேன். லொகேஷனை எனக்கு ஷேர் பண்ணும் இடத்துக்குப் போனேன். ஒரு மணி நேரம் என்று ஒன்று இருந்தது, நீங்களே நிறுத்தும்வரை என்று ஒன்று இருந்தது. இரண்டாவதை அழுத்தினேன். ஆமாம், நான்தான் அழுத்தினேன். பெண்ணைக் கொடுக்கிறவள் நான், பார்த்துத்தானே கொடுக்க வேண்டும்?

அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அன்றிலிருந்து அவன் புள்ளி என் கையில். காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் பல தடவை பார்ப்பேன். தோ பாயோ வீடு, ஆபீஸ், ஜிம், கோவில் என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, சுவா சூ காங்கில் ஒரு புளோக்கில் போய் உட்கார்ந்தது. மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் அதே புளோக்.

"தம்பி, சுவா சூ காங் பக்கம் யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று ஒருநாள் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"என் ஆர்மி ஃபிரண்டு மேக்ஸ்வெல் வீடு அங்கதான் இருக்கு அத்தை. ஏன், ஏதாச்சும் வாங்கணுமா?"

மேக்ஸ்வெல். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வைஷாலியின் நாத்தனார் முறையாகப் போகும் ஒருத்தியின் பேஸ்புக்கைத் துழாவினேன். கிறிஸ்துமஸ் படம் ஒன்று அகப்பட்டது. ரித்திக், பக்கத்தில் மேக்ஸ்வெல், மேக்ஸ்வெல் தோளில் கைபோட்டபடி ஒரு பெண். கீழே எழுதியிருந்தது: அண்ணன் மேக்ஸ்வெல், தங்கை கேட்லின். அடி ஆத்தி!

மறுநாளே அரை நாள் லீவு போட்டு, எம்ஆர்டி ரயில் ஏறி, எல்ஆர்டி மாறி, அந்த புளோக்கின் கீழே போய் நின்றேன். பார்க்க என்ன இருக்கிறது? சைக்கிள்கள், தபால் பெட்டிகள், ஒரு பூனை. இருந்தாலும் போய் நின்றது நல்லதுதான் என்று பட்டது. பரமசிவத்திடம் சொன்னால், "ஃபிரண்டு வீட்டுக்குப் போறான், விடேன் மங்களம்" என்றார். பழைய காதலியின் வீட்டுக்கு ஃபிரண்டு வீடு என்று பெயர் மாற்றிவிட்டால் ஆயிற்றா? நெருப்பில்லாமல் புகையுமா? ஆனால் வைஷாலியிடம் நான் மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகுதான் சொல்வது என்று வைத்திருந்தேன்.

கல்யாணத் தேதி ஒரு திங்கட்கிழமை, பொது விடுமுறை நாளில் அமைந்தது. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. மாப்பிள்ளை எட்டேமுக்காலுக்காவது மண்டபத்தில் இருந்தால்தான் சடங்கெல்லாம் முடியும் என்று ஐயர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். மண்டபம் எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்களுக்குக் கவலையில்லை, எங்கள் வீடு பஃபலோ ரோட்டில், மண்டபம் கூப்பிடு தூரம். சீக்கிரமே கீழே இறங்கி ஒரு எட்டு கோவிலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் இடைஞ்சல்: ஏழரைக்கு முன்னால் கிளம்பினால் மண்டபம் பூட்டியிருக்கும், அதற்குப் பிறகு ராகு காலம்.

ரித்திக்கின் அம்மா சாமுண்டீஸ்வரிக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, ராகு காலத்துல மாப்பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது. சொல்லிட்டேன். எனக்கு ஒரே பொண்ணு."

"எங்களுக்கும் ஒரே பையன்தான் சம்பந்தி. நான் பாத்துக்குறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எப்படியும் புள்ளி காட்டிவிடும்.

கல்யாணத்தன்று காலை. கோவிலுக்குப் போய் வந்தாயிற்று. அலங்காரம் செய்ய வந்தவர் வைஷாலியைப் படுக்கை அறையில் உட்காரவைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தார். ஏழரைக்கு முன்பே வாசலைத் தாண்டியாயிற்று என்பதால் எங்கள் கணக்கு முடிந்தது. நான் கூடத்தில் நின்று போனைத் திறந்து மாப்பிள்ளையின் புள்ளியைப் பார்த்தேன். அதுவும் ஏழரை அடிக்கும் முன்பே தோ பாயோ வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டிருந்தது. பரவாயில்லையே, சம்பந்தி சொன்னபடி செய்துவிட்டாரே என்று நினைத்தேன்.

புள்ளி மண்டபத்துக்கு வருவதானால் தெற்கே வர வேண்டும். அது மேற்கே திரும்பியது. விரைவுச்சாலையில் ஏறியது. ஏதாவது கோவிலுக்காக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். புக்கிட் தீமாவைத் தாண்டியது. பிறகு வடக்கே போகிற சாலையைப் பிடித்தது. அதிலேயே நேராகப் போனால் ஜோகூர்! கல்யாணத்தன்று நாட்டைவிட்டே ஓடுகிறானா? போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஜோகூருக்குப் போகவில்லை. நடுவில் பிரிந்து, அதே சுவா சூ காங், அதே புளோக். போய் நின்றுவிட்டது.

"இங்க வாங்க, இங்க வாங்க" என்று பரமசிவத்தைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பாருங்க உங்க நேர்மையான பையன! தாலி கட்டப் போற அன்னைக்கு எங்க போயி நிக்கிறான் பாருங்க!"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மாறிவிட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஃபிரண்ட கூட்டிட்டு வரப் போயிருப்பான்லா."

"மாப்பிள்ளைக் கோலத்துல? மாப்பிள்ளையா, டாக்ஸி டிரைவரா?"

ரித்திக்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி, மறுபடி. எடுக்கவே இல்லை. புள்ளியும் அசையவில்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறது? அழுகிறார்களா? கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறானா? போகவே வேண்டாம் என்கிறாளா? மண்டபத்தில் முந்நூறு பேர் வந்து உட்காரப் போகிறார்கள். என் பெண் பட்டுப் புடவையோடு மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கப் போகிறாள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மங்களம், வேணாம்" என்று பரமசிவம் குறுக்கே வந்தார். "மொதல்ல சம்பந்திகிட்ட பேசு. புள்ளகிட்ட இப்ப சொல்லாத."

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். பூ வைத்துக்கொண்டிருந்தவரை, "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றேன். கதவைச் சாத்தினேன்.

"வைஷு, மனச திடப்படுத்திக்கோ. ரித்திக் இங்க வரல. அந்தக் கேட்லின் வீட்ல இருக்கான்."

வைஷாலி அழவில்லை, பதறவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

போனைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்தாள். "இது எப்போலேருந்து உன்கிட்ட இருக்கு?"

"இப்ப அதுவா முக்கியம்? அவன் ஓடிட்டான்டி!"

"அவங்க அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு" என்றாள். குரல் ஐஸ் தண்ணீர் மாதிரி இருந்தது.

போட்டேன். சாமுண்டீஸ்வரி உடனே எடுத்தார்.

"சம்பந்தி, உங்க பையன் எங்க?"

"எங்கன்னா? வீட்லதான் இருக்கான்."

"பொய் சொல்லாதீங்க சம்பந்தி! அவன் அந்தக் கேட்லின் வீட்ல உக்காந்திருக்கான், சுவா சூ காங்ல. நான் கண்ணால பாத்துட்டுத்தான் பேசுறேன். எம்பொண்ணு வாழ்க்கையோட வெளையாடுறீங்களா ரெண்டு பேரும்? மகன் செய்யுற திருட்டுத்தனத்துக்கு அம்மா காவலா?"

சட்டென்று போன் வீடியோவுக்கு மாறியது. சாமுண்டீஸ்வரியின் முகம் வந்தது, அது திரும்பியது. ரித்திக் நின்றுகொண்டிருந்தான். வேட்டியின் ஒரு முனை இடுப்பில், மறுமுனை கையில். நெற்றியில் விபூதி, குங்குமம். அவன் பின்னால் தோ பாயோ வீட்டுப் பூஜை அலமாரி.

"அத்தை? என்னாச்சு அத்தை?" என்றான்.

"தம்பி... உங்க போன்..."

"போன் பரஸ்தானம் போயிருக்கு அத்தை" என்றான், ஏதோ தபாலில் போட்ட மாதிரி.

கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. பரஸ்தானம் எனக்குத் தெரியாதா? நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர், தாம் தினமும் புழங்கும் பொருள் ஒன்றை அந்த நல்ல நேரத்திலேயே வாசலைத் தாண்டி அனுப்பிவிட்டால், ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் புறப்பட்டாலும் குற்றமில்லை. என் கல்யாணத்தில் இவருடைய குடை பரஸ்தானம் போனது. இந்தக் காலத்தில் அதை யார் செய்கிறார்கள் என்று நான் மறந்தே போய்விட்டேன்.

சாமுண்டீஸ்வரி போனைத் தன் பக்கம் திருப்பினார். "ராகு காலத்துல தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்காகத்தான் செஞ்சேன். தினமும் தொட்டுப் புழங்குற சாமானா ஒண்ணு குடுடான்னேன். துணிமணியெல்லாம் புதுசு. வாட்ச் கட்ட மாட்டான். போன விட்டா இவனுக்கு வேற என்ன இருக்கு? பையில போட்டு மேக்ஸ்வெல்கிட்ட குடுத்தேன். அந்தப் பிள்ளை அவங்க அம்மாவ கூட்டிட்டு வர வீட்டுக்குப் போயிருக்கு, பைய கார்லயே வச்சுக்கிட்டு. அதுக்கு என்ன தெரியும் பாவம், எந்தத் திசையில போவணும்னு?"

"சம்பந்தி, நான் வந்து..."

"இருங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். எம்பையன் போன் எங்க போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னைக்கு மண்டபத்துக்கு வழி பாக்கத்தான்..."

"அது கேட்லின் வீடுன்னு எப்படித் தெரியும்? நான்கூட அங்க போனதில்லையே."

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்பார்களே, அது இதுதான். வைஷாலி எனக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனம்னு சொன்னீங்க" என்றார் சாமுண்டீஸ்வரி. "கிளம்பலாமா வேணாமான்னு இப்ப நாங்கதான் யோசிக்கணும்." போன் நின்றுவிட்டது.

ஐயோ, என்ன காரியம் செய்தேன்! வேலியில் போன ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை ஓடவில்லை, நான்தான் விரட்டப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வைஷாலி தன் போனை எடுத்து அந்த அம்மாவுக்கு அடித்தாள்.

"ஆன்ட்டி, நான் வைஷாலி. எங்கம்மா பேசினதுக்கு நான் சாரி கேக்குறேன். தப்புதான், ரொம்பத் தப்பு. ரித்திக்க அனுப்புங்க ஆன்ட்டி. ப்ளீஸ். நான் ரெடியா இருக்கேன்."

என் பெண் எனக்காக மன்னிப்புக் கேட்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். யாருக்கும் அப்படி ஒரு காலைப் பொழுது வரக் கூடாது. அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கடைசியில், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். போனை வைத்துவிட்டு, "ரித்திக்கோட சித்தப்பா கார்ல கிளம்புறாங்களாம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் சும்மா இருந்திருக்கலாம். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி" என்றேன். "அவன் எத்தனை சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போயிருக்கான் தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா. நானும்தான் கூடப் போனேன்."

"நீயா? நீ ஆபீஸ்ல இல்ல இருந்தே?"

"என் பழைய போன் ஆபீஸ்ல இருந்துச்சு. டிராயர்ல, சார்ஜர்ல மாட்டிக் கிடக்கு. உன்கிட்ட ஷேர் ஆகுறது அதுதான்."

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, நம்பத்தான் முடியவில்லை. மேப்பைத் திறந்து அவள் பெயரைத் தொட்டேன். பொது விடுமுறை நாள், காலை வேளை. அரக்குப் பட்டும் நெற்றிச்சுட்டியுமாக என் எதிரில் நிற்கிற பெண், மேப்பில் தஞ்சோங் பகாரில் ஆபீசில் இருந்தாள்.

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏண்டி? நான் உன்னைச் சந்தேகப்பட்டதே இல்லையே. உன்னை மட்டும்தான் நம்பினேன்."

"நம்பினா ஏம்மா பாக்கணும்?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஒரு ஸ்டாப் முன்னாடி எறங்கி நடந்தாக்கூட போன் வரும். ஏன் எறங்கினே, யாரு கூட இருக்கே, ஏன் அந்த ரோட்ல போறே. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு டயர்ட் ஆயிருச்சும்மா."

"அந்த வீட்ல போயி என்னதான் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் இல்ல. மேக்ஸ்வெல் அம்மா, உர்சுலா ஆன்ட்டி, ஏதாச்சும் சமைப்பாங்க. சாப்பிடுவோம். நான் சோபால படுத்துத் தூங்கிருவேன். அங்க யாரும் என்னை எங்க இருக்கேன்னு கேக்க மாட்டாங்க."

"அந்தக் கேட்லின்?"

"அவ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. வேலை பாக்குறா. நான் அவள நேர்ல பாத்ததுகூட இல்ல."

கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பெற்றவளுக்கே காதில் பூ சுற்றியிருக்கிறாள் என்று கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கோபத்தைவிட வேறொன்றுதான் அதிகம் உறைத்தது. யாரோ ஒரு உர்சுலா வீட்டுச் சோபாவில் என் பெண் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். நான் வீட்டில் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டு, ஒரு டிராயருக்காகக் காத்திருந்திருக்கிறேன். கதவுக்கு வெளியே பரமசிவம், "மண்டபத்துக்கு நேரமாச்சு" என்று மெதுவாகத் தட்டினார்.

மண்டபத்தில் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். மாப்பிள்ளை கார் வந்தது. சாமுண்டீஸ்வரி இறங்கி, என் பக்கம் திரும்பாமல், மற்ற எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். ரித்திக் மட்டும் என் முன் வந்து நின்றான்.

"நல்ல நேரத்துலதான் கிளம்பினேன் அத்தை" என்றான், தாழ்ந்த குரலில், சிரித்துக்கொண்டே. "நான் வரதுக்குத்தான் கொஞ்சம் லேட்டு."

இப்போதும் நல்லவனாகவே இருந்தான். அது நடிப்பாக இருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தேன். என்ன ஜென்மம் நான்!

கொஞ்ச நேரத்தில் மேக்ஸ்வெல் வந்து சேர்ந்தான். ஒரு துணிப் பையை இரண்டு கையிலும் பயபக்தியோடு ஏந்திக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, இத எங்க வைக்கணும்? கீழ வைக்கலாமா?" என்று என்னையே கேட்டான். கூட வந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வைஷாலியோட அம்மாவா? நான் உர்சுலா. உங்க பொண்ணு தங்கம்ங்க. என் மட்டன் பெரட்டல்னா அவளுக்கு உயிரு." என் பெண்ணுக்கு மட்டன் பிடிக்கும் என்பதே எனக்குச் செய்தி. சிரித்துவைத்தேன்.

ஒன்பதரைக்குத் தாலி ஏறியது. நான் அழுதேன். எல்லோரும் பெண்ணைப் பெற்றவள் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது பழக்க தோஷத்தில் மேப்பைத் திறந்தேன். ரித்திக்கின் புள்ளி இல்லை. வைஷாலியின் ஆபீஸ் புள்ளியும் இல்லை. பரமசிவம் மட்டும் மண்டபத்தில் இருந்தார், அவர் என் பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். யார் எப்போது அணைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சாமுண்டீஸ்வரி முன்னால் கிளம்பிப் போனார், புது மருமகளை வாசலில் வைத்து ஆரத்தி எடுக்க வேண்டும். பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறினார்கள். ரித்திக்தான் ஓட்டினான். நான் ஜன்னலருகில் குனிந்தேன். எந்த வழியாகப் போனால் நெரிசல் இல்லை, எந்தத் திருப்பத்தில் கேமரா இருக்கிறது, எல்லாம் வாய்வரை வந்தது. வைஷாலி என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் நானே போன் பண்றேன்மா."

கார் சிராங்கூன் ரோட்டில் கலந்துவிட்டது. தோ பாயோ என்ன சீமையா? பக்கம்தான். மண்டபத்தில் மிச்சமிருந்த வாழைத்தாரையும் பாத்திரங்களையும் எடுத்துவைத்துக்கொண்டே போனை இடுப்பில் செருகியிருந்தேன். அடித்தபோது கைதவறிக் கரண்டி கீழே விழுந்தது.

"அம்மா, வந்துட்டோம்" என்றாள் வைஷாலி. "வீட்லதான் இருக்கோம்."

அவள் குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் உரக்கக் கத்தினான்: "தே தாரே ரெண்டு! கோப்பி ஓ ஒண்ணு!" கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தம். நாற்காலியை இழுக்கும் சத்தம். ரித்திக் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தான். கல்யாணக் கோலத்தில், மாலையும் கழுத்துமாக, புதுத் தம்பதி நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் விளக்கேற்றாமல், கோப்பிக் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்! வழியில் இறங்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எந்தக் கடை, எந்த புளோக், ஏன் இறங்கினே, எல்லாக் கேள்விகளும் தொண்டைக்கு வந்துவிட்டன.

"சரிம்மா" என்றேன். "தலையில பூ கனக்கும், கழட்டி வச்சிட்டுக் கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோ."

"ம்" என்றாள். ஒரு நொடி நின்று, "சரிம்மா" என்று வைத்துவிட்டாள்.

கரண்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன், மறுபடி போன் அடித்தது. சாமுண்டீஸ்வரி. காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

"சம்பந்தி, ஆரத்தி கரைச்சு வச்சிட்டு வாசல்லயே நிக்கிறோம். இன்னும் வந்து சேரல. ரெண்டு பேரும் போன் எடுக்க மாட்டேங்குறாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. எங்கதான் இருக்காங்க, சொல்லுங்களேன்."

பரமசிவம் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எனக்கு எப்படிச் சம்பந்தி தெரியும்?" என்றேன். "சின்னஞ்சிறுசுக. வந்துடுவாங்க."